எங்களுக்கு சேஃப்டி ட்ரெயினிங் குடுக்குற, 25 வருஷம் ஆன கம்பெனிக்கு, முதுகுல சாக்பீஸ் குறி வாங்கின ஒருத்தன் எழுதுறது

வணக்கம்.

உங்க வெள்ளி விழா அழைப்பிதழ எங்க பிளாண்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது பாத்தேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, முதல்ல வாழ்த்துக்கள். நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், 2011-ல உங்ககிட்ட மூணு நாள் ட்ரெயினிங் எடுத்தவன், அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவ ரெஃப்ரெஷர் முடிச்சிருக்கேன், இப்போ எங்க சேஃப்டி கமிட்டில தொழிலாளர் பக்கத்துல ஒரு ஆளா உக்கார்றேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு பல வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன், கூடவே மனசுல இருக்குற ஒரு வருத்தத்தையும் சொல்லணும், ரெண்டையும் சேத்தே எழுதிடுறேன்.

2011-ல மூணாவது நாள் மத்தியானம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு நேத்து மாதிரி இருக்கு. யார்டு ஓரமா சிமெண்ட்ல கட்டின குழி, ரெண்டாள் ஆழம், மேல வட்டமா ஒரு வாய், உள்ள இரும்பு ஏணி. நாங்க 16 பேர், சாப்பிட்டுட்டு வந்து நிழல்ல நிக்குறோம், அடுத்தது என்ன கிளாஸ்னு கூட சொல்லல. திடீர்னு உங்க மாஸ்டர் குழி பக்கம் நின்னு "டேய் உள்ள ஆள் விழுந்துட்டான்டா"ன்னு கத்துறாரு. எட்டிப் பாத்தா நிஜமாவே கீழ ஒரு உருவம் குப்புற கிடக்கு, ஓவரால் போட்டு ஹெல்மெட் உருண்டு கிடக்கு. அது பொம்மைன்னு அந்த நிமிஷத்துல யாருக்கும் தோணல, ஓடினோம். ஏணில மொத கால வச்சவன் முதுகுல அவரு சாக்பீஸால பெருக்கல் குறி போட்டாரு, "நீ போயிட்ட, அடுத்து யாரு"ன்னாரு. அடுத்தவனும் போனான், அவன் முதுகுலயும் ஒண்ணு. மூணாவது நான். என் பின்னாடியே இன்னொருத்தன். ஒரு நிமிஷம் கூட ஆகல, நாலு பேர் முதுகுல குறி. எங்க நாலு பேரையும் அப்படியே முன்வரிசையில உக்கார வச்சு, மிச்ச 12 பேர எங்க முதுகு தெரியிற மாதிரி பின்னாடி உக்கார வச்சு, அதுக்கப்புறம்தான் பாடம் ஆரம்பிச்சாரு.

அந்த பாடத்துல ஒரு வரி கூட நான் மறக்கல. நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்கு கீழ போனா உள்ள இறங்கக்கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடுன்னு கழிவு அழுகும்போது வர்ற விஷ வாயு கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சம் பங்குல 100 பங்கு) பக்கம் போனா மூக்கு மரத்துப் போயிடும், நாத்தம் நின்னதும் நம்மாளு கேஸ் போயிடுச்சுன்னு நெனச்சு இறங்குவான். அப்புறம் அமெரிக்காவுல நியாஷ்னு ஒரு தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1986-ல சொன்ன கணக்கு ஒண்ணு சொன்னாரு, இந்த மாதிரி அடைசலான இடங்கள்ல சாகுறவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல காப்பாத்தப் போனவங்கதானாம். அத சொல்லும்போது அவரு எங்க நாலு பேரையும் பாக்கல, பின்னாடி இருந்த 12 பேரத்தான் பாத்தாரு. அன்னைக்கு வீட்டுக்குப் போய் சட்டைய துவைக்கப் போட மனசே வரல எனக்கு.

இப்போ 2017-க்கு வர்றேன். பிளாண்ட்ட நிறுத்தி ரிப்பேர் பாக்குற வருஷாந்திர ஷட்டவுன், கழிவுநீர் சம்ப் (தொட்டி) கிளீனிங். காலையில கேஸ் டெஸ்ட் எடுத்தாச்சு, ஆக்சிஜன் சரியா இருக்கு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஜீரோ, வேலைக்கான அனுமதிச் சீட்டு, அதான் பெர்மிட், அதுல எல்லா கையெழுத்தும் இருக்கு. கான்ட்ராக்ட் கேங்ல இருபது வயசு இருக்கும், ஒரு தம்பி உள்ள இறங்கினான், உடம்போட சேத்துக் கட்டுற பெல்ட், அதான் ஹார்னஸ் போட்டு, மூணு கால் ஸ்டாண்டுல கயிறு சுத்துற ட்ரைபாட் வின்ச்ல மாட்டித்தான் இறக்கினோம், அதுக்கு நானே நின்னு சண்டை போட்டேன், "இந்த பத்து நிமிஷ வேலைக்கு ட்ரைபாட் எதுக்கு"ன்னு கேட்டாங்க. கீழ கசடு கெட்டியா ஒரு அடிக்கு மேல இருந்துச்சு. அவன் ரெண்டு மூணு தடவ மண்வெட்டிய போட்டு கிளறினான், அவ்வளவுதான், கசடுக்குள்ள அடைஞ்சு கிடந்த கேஸ் எல்லாம் ஒண்ணா மேல வந்துடுச்சு. காலையில மீட்டர் ஜீரோ காட்டினது பொய் இல்ல, அந்த நேரத்துக்கு அதுதான் உண்மை. அவன் பாக்கெட்ல இருந்த மீட்டர் அலற ஆரம்பிச்சுது, தலையத் தூக்கி எங்கள பாத்தான், ஏதோ சொல்ல வாயத் திறந்தான், அப்படியே உக்காந்து சுவர் பக்கமா சாஞ்சுட்டான்.

அவனோட கூடப்பொறந்த அண்ணன் அதே கேங்ல வேலை. பத்தடி தள்ளி பைப் தூக்கிட்டு இருந்தவன் எல்லாத்தையும் போட்டுட்டு துண்ட மூக்குல கட்டிக்கிட்டு ஓடி வர்றான். நான் அவன இடுப்போட சேத்துப் புடிச்சேன். திமிறுறான், கெட்ட வார்த்தையில திட்டுறான், என் கைய கடிச்சே புட்டான், தழும்பு இன்னும் இருக்கு. "என் தம்பிய்யா, என் தம்பிய்யா"ன்னு அவன் கத்துறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் ஹோல் வாட்ச்ல, அதாவது குழி வாயில காவலுக்கு நின்ன பையன் வின்ச்ச சுத்துறான், கயிறு ஒவ்வொரு அங்குலமா ஏறுது. என் கண்ணுக்கு முன்னாடி அந்த சாக்பீஸ் குறிதான் வந்துச்சு, இவன விட்டா இவன் முதுகுல ஒண்ணு, இவனுக்குப் பின்னாடி போறவனுக்கு ஒண்ணு. ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும், தம்பி மேல வந்துட்டான். மூச்சு இருந்துச்சு. காத்தோட்டமான பக்கம் இழுத்துப் போட்டு ஆக்சிஜன் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், நாலாவது நாள் நடந்து வீட்டுக்குப் போனான். அந்த ரெண்டு பேரும் உயிரோட இருக்குறதுக்கு உங்க யார்டுல எங்க முதுகுல விழுந்த சாக்பீஸ் ஒரு காரணம். இத உங்க விழா மேடையில யாராவது சொல்லணும், அதுக்குத்தான் முதல்ல இத எழுதினேன்.

இனி வருத்தத்துக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க.

2011-ல 16 பேருக்கு மூணு நாள். அடுத்த ரெஃப்ரெஷர் ஒரே நாள், ஹால்ல 45 பேர், குழிப் பக்கம் கூட்டிட்டே போகல. போன வருஷம் ஒரு லிங்க் வந்துச்சு, வீடியோ ஓடும், கீழ நெக்ஸ்ட் பட்டன், கடைசியில பத்து கேள்வி. எங்க ஷிஃப்ட்ல ஒருத்தன் பதில போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டான், சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் சர்டிபிகேட் வந்துடுச்சு, உங்க லோகோவோட. அந்த லோகோ எனக்கு சாதாரண விஷயம் இல்ல. உங்க பக்கத்து கஷ்டமும் எனக்குப் புரியுது, பிளாண்ட்காரங்க "லைன் நிக்கக்கூடாது, ஒரு மணி நேரத்துல முடிங்க"ன்னு கேக்குறாங்க, நீங்க முடியாதுன்னா முடிச்சுக் குடுக்க வேற ஆள் இருக்கான். ஆனா 25 வருஷம் பேர் எடுத்த நீங்க முடியாதுன்னு சொல்லலேன்னா வேற யாரு சொல்லுவா? குழிக்குள்ள இறங்குறவனுக்கும் உயரத்துல ஏறுறவனுக்கும் வீடியோல சர்டிபிகேட் கிடையாதுன்னு நீங்க ஒரு கோடு போட்டா மத்தவங்களும் அந்த கோட்டப் பாப்பாங்க.

கையால செஞ்சு பாக்காத பாடம் எப்படி நிக்கும்னு ஒரு உதாரணம் சொல்றேன். நாலு மாசம் முன்னாடி ஒரு பையன், ஹைட் வொர்க் சர்டிபிகேட் இருக்கு, நாலு மீட்டர் உயர பிளாட்ஃபார்ம்ல ஹார்னஸ் ஒழுங்காப் போட்டு, கொக்கிய தன் கால் மட்டத்துல இருக்குற பைப்ல மாட்டியிருந்தான். போற வர்ற எல்லாரும் பாத்துட்டு பரவால்ல பெல்ட் போட்டிருக்கான்னு போறாங்க. அவன கீழ இறக்கி தரையில சாக்பீஸால கணக்கு போட்டுக் காமிச்சேன். கொக்கிய முதுகுப் பக்கம், ஹார்னஸ் வளையத்தோட உயரத்துல மாட்டினா கூட, கொக்கிக்கும் ஹார்னஸுக்கும் நடுவுல இருக்குற கயிறு, அதான் லேன்யார்டு 1.8 மீட்டர், விழுற அதிர்ச்சிய தாங்குற ஷாக் அப்சார்பர் பிரிஞ்சா இன்னும் ஒரு மீட்டர், உன் உடம்பு 1.8, கொஞ்சம் பத்திரத்துக்கு ஒரு மீட்டர், ஆக கொக்கிக்குக் கீழ அஞ்சரை மீட்டருக்கு மேல வேணும். நீ நிக்குறது நாலு மீட்டர்ல, கொக்கி கால்ட்ட, அதுக்குக் கீழ நாலு மீட்டர்தான் இருக்கு, அப்போ பெல்ட் உன்ன முழுசா நிறுத்துறதுக்கு முன்னாடியே நீ தரையில இருப்ப. அவன் முகம் வெளுத்துப் போச்சு. "சார் இத யாரும் சொல்லலயே"ன்னான். வீடியோல சொல்லியிருப்பாங்க, அவன் நெக்ஸ்ட் அடிச்சிருப்பான்.

இன்னொன்னு, யாருக்கு ட்ரெயினிங் குடுக்குறீங்கன்ற விஷயம். கம்பெனி ரோல்ல நிரந்தரமா இருக்குற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மூணாவது நாலாவது தடவ குடுக்குறாங்க, சம்புக்குள்ள இறங்குற கான்ட்ராக்ட் தம்பிக்கு கேட்ல 20 நிமிஷம், அதுவும் அவனுக்குப் புரியாத பாஷையில ஒரு ஸ்லைடு, கீழ ஒரு கையெழுத்து. அன்னைக்கு விழுந்த பையனுக்கும் அதேதான். வேலைக்கு சேந்த மொத மாசத்துலதான் அடிபடுறது அதிகம்னு நீங்களே சொல்லிக் குடுத்தீங்க, அந்த மொத மாசத்து ஆளுங்க உங்க கிளாஸ்ல ஒருத்தர் கூட இல்ல. பிளாண்ட்காரங்க எத்தனை பேருக்கு ட்ரெயினிங்னு லிஸ்ட் அனுப்பும்போது, "ஷட்டவுன்ல வர்ற கேங் எங்க"ன்னு நீங்க திருப்பிக் கேளுங்க.

அதே மாதிரி மேல இருக்குறவங்க. 1988 ஜூலை 6-ல நார்த் சீ கடல்ல பைப்பர் ஆல்ஃபான்னு ஒரு எண்ணெய் எடுக்குற மேடை எரிஞ்சத எங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தீங்க. ஒரு பம்ப்போட சேஃப்டி வால்வ வேலைக்காக கழட்டிட்டு பைப் வாய அடைக்கிற பிளைண்ட் ஃப்ளாஞ்ச் மூடி போட்டு வச்சிருந்தாங்க, அந்த விஷயம் நைட் ஷிஃப்ட்டுக்கு ஒழுங்காப் போய் சேரல, ஓடிட்டிருந்த இன்னொரு பம்ப் நின்னதும் இத ஸ்டார்ட் பண்ணிட்டாங்க, கேஸ் கசிஞ்சு வெடிச்சு 167 பேர் போயிட்டாங்க. கேட்டுட்டு நாங்க எல்லாரும் ஆடிப்போயிட்டோம். ஆனா யோசிச்சுப் பாத்தா அந்த பாடம் எங்களுக்கு மட்டும் போதாது. ஷிஃப்ட் மாறுற பத்து நிமிஷத்துல பெர்மிட்ட நின்னு படிக்க நேரம் குடுக்குறது சூப்பர்வைசர், அந்த சூப்பர்வைசருக்கு நேரம் குடுக்குறது மேனேஜர். எங்க மேனேஜருங்க உங்க ட்ரெயினிங்ல தொடக்க உரை பேசிட்டு கிளம்பிடுவாங்க. அவங்கள உக்கார வைங்க, ஒரு வொர்க்கர் "இத நிறுத்துங்க"ன்னு சொன்னா பதிலுக்கு என்ன பேசணும்னு நடிச்சுக் காட்ட வைங்க. நிறுத்துன்னு சொல்ல நாங்க பழகிட்டோம், அத காது குடுத்துக் கேக்க அவங்க பழகல.

ஒன்னு சின்னதா. வேலையால வருஷத்துக்கு 29 லட்சத்துக்கும் மேல சாகுறாங்கன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்போட (ஐஎல்ஓ) கணக்கு சொல்லுது, அதுல விபத்துல போறது 3.3 லட்சம் போல, மிச்சம் அத்தனையும் நோய்ல. உங்க படங்கள்ல விழுறதும் எரியுறதும் மட்டும்தான் வருது. 20 வருஷம் கிரைண்டிங் தூசில நின்னவன் மூச்சுக்குத் திணறுறதும், 85 டெசிபலுக்கு மேல சத்தத்துல நின்னவன் பேத்தி கூப்பிடுறது கேக்காம திரும்பாம போறதும் கிளாஸ்ல வரணும்.

விழாவுல எத்தனை லட்சம் பேருக்கு சர்டிபிகேட் குடுத்தோம்னு பேனர் வைப்பீங்க, வைங்க, அது உங்க உழைப்பு. அதோட ஒரு காரியம் செய்ங்க, இனிமே கிளாஸ் முடிச்சு ஆறு மாசம் கழிச்சு உங்க மாஸ்டர் ஒருத்தர் வேலை நடக்குற இடத்துக்கே வந்து சும்மா நின்னு பாக்கட்டும், நாங்க கொக்கிய எங்க மாட்டுறோம், மெஷினுக்கு கரண்ட்ட நிறுத்தி பூட்டுப் போட்டுட்டு, நிஜமாவே நின்னுச்சான்னு ஸ்விட்ச்ச ஒரு தடவ தட்டிப் பாக்குறோமா இல்லையா. நீங்க குடுக்குற ஃபீட்பேக் ஃபார்ம்ல ஹால்ல ஏசி நல்லா இருந்துச்சான்னு கேக்குறீங்க, இதெல்லாம் அதுல தெரியாது.

கடைசியா என் வேண்டுகோள். அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இன்னும் ஷட்டவுன் வேலைக்கு வர்றாங்க. அண்ணன் இப்போ ஹோல் வாட்ச், நிக்குற இடத்த விட்டு அசையமாட்டான், ஆனா இதுவரைக்கும் உங்க யார்ட கண்ணால பாத்தது இல்ல. அடுத்த ஷட்டவுனுக்கு முன்னாடி அவங்க கேங் 14 பேரையும் அனுப்புறதுக்கு எங்க கமிட்டில சண்டை போட்டு ஒத்துக்க வச்சுட்டேன், ரெண்டு நாளுக்கு சம்பளத்தோட. தேதி மட்டும் குடுங்க, நானும் லீவு போட்டு கூட வர்றேன். அந்த பழைய மாஸ்டர் இன்னும் உங்ககிட்ட இருந்தா அவரையே வரச் சொல்லுங்க, பொம்மைய குழிக்குள்ள படுக்க வைங்க, யாருக்கும் முன்கூட்டி சொல்லாதீங்க.