செல்விக்கு, புதிதாக வந்த இரண்டு கினி பிக்குகள் பற்றி

கோத்தகிரி
ஐப்பசி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. பச்சைத் தேயிலை விலை கேட்டிருந்தாய். அதை எழுதி உன் மனதையும் ஏன் கெடுப்பானேன், விடு. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன்னை விசாரித்தாள். இனி பேத்திக்கு வந்திருக்கும் கினி பிக்குகள். அதுதான் அவசரம்.

கோயம்புத்தூர் கடையில் "ஜோடி" என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்கிறாய். கடைக்காரர் ஜோடி என்றால் பெரும்பாலும் ஆணும் பெண்ணும்தான். "இரண்டும் பெண்" என்று சொல்லியிருந்தாலும் நம்பாதே. குட்டியில் அவர்களுக்கே தெரிவதில்லை. இன்றைக்கே பார்த்துவிடு. மடியில் துண்டு விரித்து, உன் வயிற்றோடு சாய்த்து உட்கார வை. பிறப்புறுப்புக்குச் சற்று மேலே விரலால் மெதுவாக அழுத்து. ஆண் என்றால் குறி வெளியே நீளும். பெண்ணுக்கு ஆங்கில 'ஒய்' எழுத்துப் போல ஒரு மடிப்பு தெரியும், எதுவும் நீளாது. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் அந்த நிமிடமே பிரி. ஆண் குட்டி 3 வாரத்திலும் பெண் குட்டி 4 வாரத்திலும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். அதனால் பிரித்த பிறகும் பத்தரை வாரம் பெண்ணின் எடையைக் கவனி. முதல் பிரசவம் தள்ளிப்போய், 7 மாத வயதுக்கு மேல் சினையானால் இடுப்பெலும்பின் முன் இணைப்பு இறுகியிருக்கக்கூடும். குட்டி வெளியே வராமல் தாய் போய்விடும். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும் என்பதால், ஆணை அப்போதும் உள்ளே விடக் கூடாது.

இரண்டும் பெண் என்றால் நிம்மதி. தனியாக ஒன்றை வைப்பது மட்டும் வேண்டாம். கூட்டத்தில் வாழும் பிராணி. முயலோடு சேர்த்து வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. முயல் நோய் தெரியாமலேயே சுமக்கும் போர்டெடெல்லா என்ற கிருமி கினி பிக்குக்கு நிமோனியா கொடுக்கும். முயல் உதைத்தால் எலும்பும் முறியும்.

கூண்டு அளவைச் சொல்கிறேன். இரண்டுக்கு 7.5 சதுர அடி என்பது குறைந்தபட்சம். 2 அடிக்கு 4 அடி இருந்தால் நல்லது. உயரம் வேண்டாம், தரைப்பரப்பு வேண்டும். ஏறுகிற பிராணி இல்லை, ஓடுகிற பிராணி. கடையில் கொடுத்த கம்பி அடித்தளக் கூண்டைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் அடியில் பலகை போடு. கம்பி மேல் நிற்கிற உள்ளங்கால் சிவந்து, தடித்து, புண்ணாகி எலும்பு வரை போகும். ஆற மாதக்கணக்கில் ஆகும். உங்கள் ஊர்த் தச்சரிடம் பிளைவுட் தட்டு ஒன்று செய்யச் சொல், ஒரு அடிக்குக் குறையாத சுவரோடு. உள்ளே வினைல் விரிப்பு ஒட்டிவிட்டால் மூத்திரம் மரத்தில் ஊறாது. மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து நிறைய, வெள்ளையாகப் படியும். வினிகரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். பூனை, எலி வரும் வீடென்றால் மேலே வலை கட்டாயம்.

ஒளிந்துகொள்ள ஆளுக்கு ஒரு அட்டைப் பெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல். ஒரே வாசல் என்றால் பலசாலி உள்ளே உட்கார்ந்துகொண்டு மற்றதை விரட்டும்; அல்லது உள்ளே இருப்பது வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

தரைவிரிப்புக்கு மரத்தூள் வேண்டாம், தூசி நுரையீரலுக்குள் போகும். தைல மரச் சீவலும் வேண்டாம். நம் மலையில் அது எளிதாகக் கிடைக்கிறது, வாசனையும் பிடித்துப்போகும். அந்த வாசனைதான் மூச்சுக்குழாயை அரிக்கும். பழைய செய்தித்தாளை அடுக்கி மேலே காய்ந்த புல்லை மூன்று நான்கு அங்குலம் பரப்பு. சாக்கு போடாதே; நூல் பிரிந்து காலைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கடைகளில் விற்கும் ஃப்ளீஸ் போர்வையை விரிக்கலாம். முதலில் இரண்டு மூன்று முறை துவைத்துவிட வேண்டும், புதுத் துணி தண்ணீரை உறிஞ்சாமல் மேலேயே நிறுத்தும். அடியில் ஒரு துண்டு. ஆனால் உங்கள் மழையில் அது காய்வது எப்போது? இப்போதைக்குத் தாளும் புல்லும்தான் சரி.

உங்கள் தலைக்குந்தா குளிரில் இவை தாங்குமா என்று பயந்து எழுதியிருக்கிறாய். குளிரைவிட ஈரமும் காற்று வீச்சும்தான் கொல்லும். 18 முதல் 24 டிகிரி வரை இவற்றுக்குச் சுகம்; 27, 28-ஐத் தாண்டினால் வெப்ப நோய் வரும், அந்தக் கவலை உனக்கு இல்லை. ஆனால் கோவைக் கடையின் வெக்கையிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒரே நாளில் ஏறி வந்திருக்கின்றன. முதல் இரண்டு வாரம்தான் சளி பிடிக்கும் காலம். மூக்கு ஈரம், கண் ஓரத்தில் பசை, வயிறு துடிக்கிற மாதிரி மூச்சு: இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காதே.

கூண்டைச் சன்னல் ஓரத்திலும் வெளிச்சுவர் ஓரத்திலும் வைக்காமல் உள் சுவரோரம், சிமெண்ட் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வை. தகரக் கூரை என்றால் விடியலில் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும், அதற்கு நேர் கீழே வேண்டாம். மூன்று பக்கம் கம்பளி போர்த்து, நான்காம் பக்கம் திறந்தே இருக்கட்டும். எல்லாப் பக்கமும் மூடினால் மூத்திரத்து அமோனியா உள்ளேயே நிற்கும். மார்கழியில் உறைபனி விழும் நாட்களில், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வை. விலகிப் போக இடம் இருக்க வேண்டும். பல்ப் மாட்டி வயரை உள்ளே விட்டால் கடித்துவிடும். கரிக் கணப்பு மட்டும் அந்த அறையில் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு கினி பிக்கையும் கொல்லும், அந்த அறையில் படுக்கிற பேத்தியையும் கொல்லும்.

இனி தீனி. பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. வைட்டமின் சி-யை மனிதனைப் போலவே இதற்கும் உடம்பில் செய்துகொள்ளத் தெரியாது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர், தானியம் மட்டும் தின்ற கினி பிக்குகளுக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைவு நோய் வருவதைக் கண்டுதான் அந்தச் சத்தின் தேடலே சூடு பிடித்தது. அதே வருடம்தான் நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறந்தார்கள். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே ஒரு அறையில் தொடங்கிய ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குன்னூர்க்காரர்களே இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

சரி, வைட்டமின் சி அளவு. கிலோ எடைக்கு நாள் ஒன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும். சினையானதற்கும் நோயாளிக்கும் 30 முதல் 50. பச்சைக் குடைமிளகாய் 100 கிராமில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தினம் 25 கிராம் துண்டு கொடுத்தால் முடிந்தது கணக்கு. விதையும் காம்பும் எடுத்துவிடு. கொய்யாவில் இன்னும் அதிகம், ஆனால் சர்க்கரையும் உண்டு. வாரம் இரண்டு தடவை கட்டைவிரல் அளவு. தண்ணீரில் சொட்டு விடும் மருந்தை வாங்காதே, வெளிச்சத்தில் சத்து சீக்கிரம் போய்விடும், சுவை மாறியதால் தண்ணீரும் குடிக்காது. கினி பிக் பெல்லட்டும் (குச்சி குச்சியாக வரும் கடைத் தீவனம்) அரைத்து மூன்று மாதம் கடந்தால் வைட்டமின் போய்விடும்; தேதி பார்த்துச் சின்னப் பையாக வாங்கு. முயல் தீவனத்தில் இந்த வைட்டமின் சேர்ப்பதில்லை. கோழித் தீவனத்தின் பக்கமே போகாதே. பற்றாக்குறை என்றால் முதலில் நடையில் தெரியும்: நொண்டும், மூட்டு வீங்கும், தொட்டால் கத்தும், அப்புறம் முடி கலைந்து, ஈறு கசியும்.

நம் ஊர்க் கேரட்டைக் கூடைகூடையாகப் போட ஆசை வரும். அதில் சி குறைவு, இனிப்பு அதிகம். இரண்டு சக்கரம் போதும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் காற்றுப் பிடிக்கும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, வெண்ணெய்ப்பழம் கூடவே கூடாது. வேலியோரத்து உண்ணிச்செடி, ஊமத்தை, பெரணி, ஓடையோரம் வெள்ளையாகப் பூக்கும் காலா லில்லி எல்லாமே விஷம். பூ அழகாயிருக்கிறதே என்று பேத்தி பறித்துப் போட்டுவிடப் போகிறாள், முதலிலேயே சொல்லி வை. தீனியை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதே. கடையில் தின்றதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்று.

எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த புல், நாள் முழுக்க, அள்ளிப் போட்ட அளவுக்கு. இவற்றின் பல் எல்லாம் வாழ்நாள் முழுக்க வளரும். புல்லை அரைத்தால்தான் தேயும். பெல்லட் மட்டும் தின்றால் கடைவாய்ப் பல் நீண்டு நாக்கின் மேல் வளைந்து, வாயைத் திறந்து சாப்பிட முடியாமல் போகும். குடலும் அப்படித்தான், நார் இல்லாவிட்டால் நின்றுவிடும். வைக்கோல் இதற்கு ஈடாகாது, அதில் சத்து இல்லை. குதிரை மசால் 6 மாதத்துக்குள்ளான குட்டிக்கும் சினைக்கும் மட்டும். பெரியவற்றுக்குச் சுண்ணாம்பு கூடி மூத்திரக் கல் வரும்.

சிந்துவதையும் சேர்த்து இரண்டுக்கும் மாதம் மூன்று கிலோ காய்ந்த புல் வைத்துக்கொள். தை, மாசி வெயிலில் நாமே காய வைத்துவிடலாம். கிகூயூ புல் எங்கும் கிடக்கிறது, மற்ற புல்லோடு கலந்து அறு, பூக்கும் முன். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் மட்டும் வேண்டாம், களைக்கொல்லி அடித்திருப்பார்கள். தார்ப்பாய் மேல் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை புரட்டி, மாலையில் பனி இறங்கும் முன் உள்ளே எடு. மூன்றாம் நாள் தண்டை மடக்கிப் பார். வளைந்தால் இன்னும் ஈரம், முறிந்தால் சரி. துணிப் பையிலோ காகிதப் பையிலோ போட்டுப் பலகை மேல் அடுக்கு. பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நம் மாவட்டத்தில் அந்தப் பைக்குத் தடை வந்தது இந்த விஷயத்திலும் நல்லதாகப் போயிற்று. உதறும்போது வெள்ளைப் பொடி பறந்தாலும், மக்கிய நாற்றம் வந்தாலும் மாட்டுக்கும் போடாதே, உரக்குழிக்கு.

முதல் மூன்று நாள் யாரும் தூக்க வேண்டாம். கூண்டருகே உட்கார்ந்து பேசட்டும், கையில் கொத்தமல்லி நீட்டட்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். பேத்தி தரையில் உட்கார்ந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். மேஜை உயரத்திலிருந்து விழுந்தாலே முதுகெலும்பு போகும்.

நோயை மறைப்பதில் இவை கெட்டி. அதனால் கண்ணை நம்பாமல் தராசை நம்பு. சமையலறைத் தராசில் கிண்ணம் வைத்து, வாரம் ஒரு நாள், தீனிக்கு முன், எழுதி வை. வளர்ந்தது 700 கிராமிலிருந்து 1,200 வரை இருக்கும். 50 கிராம் குறைந்தால் தினமும் நிறு. 100 குறைந்தால் வைத்தியரிடம் போ. அரை நாள் எதுவும் தின்னவில்லை என்றால் எடையே பார்க்க வேண்டாம், உடனே கிளம்பு. போகும் வரை பெல்லட்டை வெந்நீரில் குழைத்து, ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. மென்று விழுங்க விட்டுத்தான் அடுத்தது. நேராக விட்டால் புரையேறும்.

வைத்தியரிடம் நீயே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று. நம் பக்கம் மாடும் நாயும் பார்த்துப் பழகியவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் கினி பிக் கை வழியாகப் போயிருக்காது. பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின் வாய் வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் செத்து, கெட்டது பெருகி, சில நாளில் முடிந்துவிடும். என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, அளவு எடை பார்த்து அவர் சொல்வார். வீட்டு அலமாரியிலுள்ள மாத்திரை எதுவும் வேண்டாம். சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தால் சிரங்குப் பூச்சி. குளிப்பாட்டுவதால் போகாது, ஐவர்மெக்டின் வேண்டும், அதுவும் அவர் கையால். தன் புழுக்கையைத் தானே குனிந்து தின்பதைப் பார்த்துப் பேத்தி கத்தினால், அது நோயல்ல. ஒரு வகை மிருதுவான புழுக்கையில் வைட்டமின் இருக்கிறது, அது அவற்றுக்கு வேண்டும்.

எதைச் செய்யாவிட்டாலும் ஆணா பெண்ணா என்று இன்று மாலையே பார்த்து, இரண்டின் எடையையும் ஒரு தாளில் எழுதி எனக்குப் போடு. ஒன்று ஆணாக இருந்தால் பழைய கூண்டை எறிந்துவிடாதே, பலகை போட்டு அதிலேயே தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஊட்டிச் சந்தைக்கு வருகிறேன், எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் காய்ந்த புல்லில் ஐந்து கிலோ கொண்டு வருகிறேன். பையை நீ எடுத்து வா.

அன்புடன்,
ஜெயா