2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கானா தலைநகர் அக்ராவில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கால்பந்து வட்டத்தின் ஓராண்டுப் பணிகளை அவையின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பொங்கல் விளையாட்டுப் போட்டியும் சிறப்பாக முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் பேச்சும் உழைப்பும் பெரும்பாலும் கானா அணி வீரர் முகமது குதூஸ் என்ற ஒரே இளைஞரைச் சுற்றியே இருந்ததால், அறிக்கையும் அவரைப் பற்றியே அதிகம் பேசும்.

அக்டோபர் 12 அன்று நம்மில் பலர் அக்ரா ஸ்போர்ட்ஸ் ஸ்டேடியத்தில் இருந்தோம். இடைவேளைக்குப் போனவர்கள் பியூர் வாட்டர் பாக்கெட்டைக் கடித்தபடி இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் முகமது குதூஸ் கோல் போட்டுவிட்டார். கொமோரோஸுக்கு எதிராக 1–0. கானா 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இது ஐந்தாவது முறை. ஆப்பிரிக்கக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் வெளியேறிய அணி இது. அந்த வேதனையோடு ஓராண்டு வாழ்ந்தவர்களுக்குத்தான் அன்றைய சத்தத்தின் பொருள் புரியும். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஜூலையில் குதூஸ் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்பிலிருந்து அதே நாட்டின் டாட்டன்ஹாமுக்கு மாறினார். தொகை 5.5 கோடி பவுண்டு என்று செய்தி வந்தது. அந்த மாதக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீமாவிலிருந்து அங்கே எப்படிப் போனார்?

நீமா நம் வீடுகளிலிருந்து ட்ரோட்ரோ எனும் பகிர்வு வேன் போகிற தூரம்தான். ஹவுசா பேசும் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம். அங்கே கோல்ட்ஸ் எனப்படும் சிறுவர் கிளப்களில் ஒன்றான ஸ்ட்ராங் டவரில் தொடங்கியவர் குதூஸ். பிறகு ரைட் டு ட்ரீம் அகாடமி. படிப்பையும் பந்தையும் சேர்த்தே தரும் அந்த அகாடமியின் கைக்குத்தான் டென்மார்க்கின் நோர்ட்ஷெலண்ட் கிளப்பும் வந்தது. 18 வயது நிறையாதவரை வெளிநாட்டு கிளப்புக்கு மாற்றக் கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பொது விதி, விலக்குகள் சிலவே. குதூஸ் பிறந்தது 2000 ஆகஸ்ட் 2. டென்மார்க்கில் முதல் ஆட்டம் 2018 ஆகஸ்டில். 18 நிறைந்து சில நாள் கழித்தே களமிறங்கினார். பிள்ளையை வெளிநாட்டுக் கிளப்புக்கு அனுப்புவதாகச் சொல்லும் போலி ஏஜென்ட்டிடம் பணம் கட்டிவிட்டு நிற்கும் பெற்றோர் இந்த இரண்டு தேதிகளையும் பார்க்க வேண்டும்.

2020-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப். ஐரோப்பிய கிளப்களின் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் முதன்முதலாக இறங்கிய ஆட்டத்திலேயே, லிவர்பூலுக்கு எதிராக, சில நிமிடங்களில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். 2022 கத்தார் உலகக் கோப்பையில் தென் கொரியாவுக்கு எதிராக இரண்டு கோல், கானா 3–2 வெற்றி. 2023-இல் வெஸ்ட் ஹாம். கோல் போட்டபின் விளம்பரப் பலகைமேல் அமைதியாக அமர்வாரே, அதை நீமாப் பிள்ளைகள் கவிழ்த்த வாளிமேல் அமர்ந்து செய்து காட்டுகிறார்கள்.

இனி நான் மனம் வருந்திச் சொல்ல வேண்டிய செய்தி. ஃபிஃபா விதிப்படி, ஒரு வீரர் பணத்துக்குக் கைமாறும்போது, அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்களுக்குத் தொகையில் 5 சதவீதம் பகிரப்பட வேண்டும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25, அதன்பின் ஆண்டுக்கு 0.5 சதவீதம். 5.5 கோடி பவுண்டில் ஒரே ஒரு ஆண்டின் 0.25 சதவீதம் என்பது 1,37,500 பவுண்டு. ஒரு சிறுவர் கிளப்புக்கு அது ஒரு தலைமுறைக்கான மைதானம், வலை, பூட்ஸ். ஆனால் அந்த வயதில் பையன் தங்களிடம் பதிவாகியிருந்தான் என்று கிளப் காட்ட வேண்டும்.

நாம் பந்து வாங்கித் தரும் நீமா கிளப்பின் பயிற்சியாளர் ஜூன் மழைக்குப்பின் தன் பதிவேட்டை என்னிடம் கொண்டுவந்தார். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு. கூரை ஒழுகி நனைந்து, நீல மை ஒன்றோடொன்று கலந்திருந்தது. ஒரு பக்கத்தில் "2013" என்பது மட்டும் தெரிந்தது, பெயர் கரைந்துவிட்டது. நோட்டை வெயிலில் விரித்து வைத்தோம், பயனில்லை. அவர் சம்பளம் வாங்காமல் தினமும் மாலையில் மைதானத்துக்கு வருகிறவர். அவருடைய உழைப்புக்கு இருந்த ஒரே சாட்சி அந்த நோட்டு.

ஆகஸ்ட் முதல் நம் உறுப்பினர் சிலர் சனிக்கிழமைதோறும் அங்கே போய், பிறப்புச் சான்றைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அட்டை எழுதி, கிளப்பை முறைப்படி பதிவு செய்யும் வேலையில் துணை நிற்கிறார்கள். சான்று இல்லாத பிள்ளைகளின் தாய்மாரை அலுவலகத்துக்கு அழைத்துப்போனது நம் மகளிர் குழு. அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

எனவே வரும் ஆண்டில் ஜெர்சிக்கென ஒதுக்கிய தொகையை இந்தப் பதிவுப் பணிக்கும், தண்ணீர் புகாத ஓர் இரும்புப் பெட்டிக்கும் மாற்றித் தருமாறு அவையை வேண்டுகிறேன். ஹவுசா தெரிந்த, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் தரக்கூடிய உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவண்,
செயலாளர்