ஆய்வுக்கு இரவு இரண்டு மணிக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படுத்த படுக்கையாகிவிட்ட முதியோரை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் சென்னை, கோவையைத் தாண்டிச் சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டன. வாசலில் ‘முதியோர் இல்லம்’ என்றுதான் பலகை இருக்கும். உள்ளே போனால் ஒருவருக்கு மூக்குக் குழாய், ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய், அடுத்த கட்டிலில் பக்கவாதம், அதற்கடுத்து மறதி நோய். நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சின்ன ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டதால் இவற்றுக்குப் பொருத்தமான பெயர்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு உரிய கண்காணிப்புக்கும் விடுதிக்கு உரிய கண்காணிப்புக்கும் இடையில் இவை நழுவிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2009-இல் வந்தன. சமூக நலத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். பராமரிப்பு இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்க 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை. எங்கள் கவலை வேறொன்று. ஆய்வுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பகலில், காலை 11 மணிக்கு வருகிறார்கள். அறையை அளக்கிறார்கள், சமையலறையைப் பார்க்கிறார்கள், கேமரா இருக்கிறதா என்று கேட்கிறார்கள், பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் இந்த இல்லங்களில் உடம்புக்குக் கேடு வரும் நேரம் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை.

படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் தடைபடுவதால் வருவது அது. திரும்பிப் படுக்க முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு எத்தனை கை வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒருவரை இழுக்காமல் தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும். டயப்பர் பார்த்து, குழாய் மடங்காமல் சரிசெய்து, முதுகுக்கும் கால்களுக்கு இடையிலும் தலையணை வைக்க 10 நிமிடம் ஆகும். 12 பேர் படுக்கையில் இருந்தால் 120 நிமிடம். அதாவது கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளுக்கு மறுபடி நேரம் வந்துவிடும். அந்த இருவரும் விடியும்வரை வேறு வேலையே பார்க்க முடியாது. இரவில் ஒரே ஓர் ஆயாவை வைத்துக்கொண்டு 12 பேரைப் பார்க்கிறோம் என்று சொல்லும் இல்லத்தில் ஒன்று புரட்டவே மாட்டார்கள், இல்லையென்றால் ஒற்றை ஆளாக விரிப்பின் மேல் இழுப்பார்கள். இழுக்கும்போது தோல் ஓரிடத்தில் நிற்க, உள்சதை நகர்ந்து கிழிகிறது. புரட்டும் அட்டவணையில் 10, 12, 2, 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் ‘டிக்’ வரிசையாக இருந்தால் அது காலை 6 மணிக்கு உட்கார்ந்து எழுதியது.

‘ஏர் பெட் இருக்கிறது’ என்பார்கள். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், புரட்டுவதற்கு ஈடாகாது. உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, நோயாளியின் இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. மின்சாரம் போனதும் மோட்டார் நின்று, காற்று இறங்கி, பெரியவர் வெறும் பிளாஸ்டிக் தாள் மேல் கிடப்பார். மோட்டாரை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி கெண்டைக்கால் அடியில் தலையணை வைக்க வேண்டும். புண்ணின் முதல் அறிகுறி ‘சிவப்பு’ என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நம் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, நசுங்கிய சதை மேலும் சிதையும். வளையத் தலையணையும் வேண்டாம். அது புண்ணைச் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையும் தடுத்துவிடும்.

அடுத்தது விழுதல். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்துதான் பலர் விழுகிறார்கள். பல நேரம் காரணம் மருந்துத் தட்டிலேயே இருக்கிறது. காலையில் தர வேண்டிய ‘நீர் பிரியும் மாத்திரை’யை மாலையில் தந்தால் இரவெல்லாம் எழவேண்டி வரும். ரத்த அழுத்த மாத்திரையும் ப்ராஸ்டேட் மாத்திரையும் எழுந்து நின்றதும் தலைசுற்ற வைக்கும். கட்டில் விளிம்பில் 2 நிமிடம் உட்காரவைத்த பிறகே நிற்கவைக்க வேண்டும். இதன்மேல் ‘ராத்திரி சத்தம் போடுகிறார்’ என்று தூக்க மாத்திரை வேறு. ஊழியர் குறைவைத் தூக்க மாத்திரையால் ஈடுகட்டுவது கொடுமை. மயக்கத்தில் இருப்பவர் தானாகவும் புரளமாட்டார், எச்சில் புரையேறினால் இருமவும் மாட்டார். அந்த மாத்திரையை எழுதிய மருத்துவர் யார், எந்தத் தேதி, எத்தனை நாளுக்கு என்று சீட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கழிப்பறையில் துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டுகிறார்கள். ஆள் எடை விழுந்தால் அது சுவரைவிட்டுக் கழன்றுவரும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவு நகராது. கட்டில் தடுப்புக் கம்பி எல்லாருக்கும் பாதுகாப்பு அல்ல. மறதி நோயுள்ளவர் அதன்மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

சர்க்கரை இறங்குவதும் இரவில்தான் கவனிப்பாரற்றுப் போகிறது. மாலை 7 மணிக்கு இன்சுலின் போட்டுவிட்டு, 8 மணிக்கு அரை இட்லியோடு ‘போதும்’ என்றவரை அப்படியே படுக்கவைத்தால் நள்ளிரவுக்கு மேல் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். உடம்பு சில்லிட்டு வியர்த்திருக்கும். ஆயா அவர் தூங்குகிறார் என்று நினைப்பார். நினைவு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதற்கெல்லாம் குளுக்கோமீட்டர் இரவு ஊழியர் கையில் இருக்க வேண்டும். மேனேஜர் அறையில் பூட்டிவைத்தால் இருந்தும் இல்லாததுதான். இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. நம் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. இன்சுலின் பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா கெட்டுப்போனது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் உறிஞ்சிப் போட்டால் உடம்பில் ஏறுவது இரண்டரை மடங்கு.

மூக்குக் குழாயில் கடைசிக் கஞ்சியை ஊற்றிவிட்டு உடனே மல்லாத்திப் படுக்கவைக்கக் கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்தபடி குறைந்தது அரை மணி நேரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும்.

தீ விபத்தைப் பற்றிச் சொல்லும்போது ஏர்வாடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த மனநலக் காப்பகம் எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலிக்குப் பதில் துணிப்பட்டை இருக்கிறது. கிரில் கேட்டுக்குப் பூட்டு இருக்கிறது, சாவியோ மேனேஜரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. இரவு டியூட்டியில் இருக்கும் ஒவ்வொருவர் இடுப்பிலும் சாவி இருந்தாக வேண்டும். எழுந்து நடக்க முடியாதவர்களைத் தரைத்தளத்தில்தான் வைக்க வேண்டும், தீப்பிடித்தால் லிஃப்டை நம்ப முடியாது. ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் அறையில் சாமி விளக்கும் ஊதுபத்தியும் கூடாது. படுத்திருப்பவரை விரிப்போடு சேர்த்துத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் ஒத்திகையை இரவு ஊழியர்களை வைத்தே, இரவிலேயே நடத்த வேண்டும்.

ஆயாக்களைக் குறைசொல்வது எங்கள் நோக்கமல்ல. 12 மணி நேர டியூட்டி, பயிற்சி என்று ஒன்றும் கிடையாது, தூக்கித் தூக்கி அவர்கள் இடுப்பும் போய்விடுகிறது. அரசு இவ்வளவு செய்தால் போதும்: உரிமத்தில் எத்தனை கட்டில் என்று எழுதுவதைப் போல, எழ முடியாதவர் எத்தனை பேர், அவர்களுக்கு இரவில் எத்தனை ஊழியர் என்பதையும் எழுதட்டும். ஆய்வுக் குழுவில் ஒரு செவிலியர் இருக்கட்டும். அந்தக் குழு சொல்லாமல் கொள்ளாமல் இரவு 2 மணிக்குப் போய், இரண்டு பேரின் போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பையும் பார்க்கட்டும். சேரும் நாளிலேயே உடம்பு முழுவதும் பார்த்து எழுதிவைத்தால், புண் வீட்டிலிருந்து வந்ததா இல்லத்தில் வந்ததா என்ற சண்டை எழாது. மாதா மாதம் எடை பார்த்து, ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் விதியாக்கலாம்.

பெற்றோரை விட்டிருக்கும் பிள்ளைகள் ஞாயிறு மதியம் பழப்பையோடு போவதைவிட, ஒரு நாள் காலை 6 மணிக்குப் போய்ப் பார்க்கலாம். விரிப்பு நனைந்திருக்கிறதா, சிறுநீர்ப் பை தரையில் கிடக்கிறதா என்பது அந்நேரத்தில்தான் தெரியும். புகார் சொல்ல 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் இயங்குகிறது. அதை 24 மணி நேரமும் எடுக்கும்படி செய்யுமாறு உங்கள் நாளிதழ் வழியாக அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்கள் சிலர்,
மதுரை