படகு இன்ஜினும் ஒரு பாட்டில் ஆயிலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. இந்தப் படகு இன்ஜின் பஞ்சாயத்து முடியட்டும், முழுக் கதையையும் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றிருந்தேன். முந்தாநாள்தான் முடிந்தது, அதுவும் ஓரளவுக்கு.

போன தடவை எழுதியபோது புது இன்ஜினைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டேன் இல்லையா? நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு, படகின் பின்னால் வெளியே மாட்டும் ரகம். முதல் 20 மணி நேரம் ஓடியதும் கையேட்டில் இருந்தபடி ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன், கடலில் இருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டு அலசினேன், என் உடம்பை இந்த அளவுக்குக் கவனித்திருந்தால் முட்டிவலியே வந்திருக்காது. 43-ஆவது மணி நேரத்தில், ஒரு நாள் காலையில் கிளம்புவதற்கு முன்னால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, உருவிப் பார்க்கிறேன், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. குறைந்திருந்தால் சரி, எங்கேயோ கசிகிறது எனலாம். ஏறுமா? துணியில் துடைத்துப் பார்த்தால் வெளிறிப்போய், பால் கலந்தது போலக் குழகுழவென்று இருக்கிறது. தண்ணீர் புகுந்துவிட்டது.

முதலில் என்மேலேதான் சந்தேகம் வந்தது. குளிர்ந்த இன்ஜினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி நிறுத்தினால், ஆவி படிந்து ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டும், அது சகஜம். ஆனால் அதனால் அளவு ஏறாது. இருந்தாலும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று ஆயிலை மாற்றி, நன்றாகச் சூடேறும்வரை ஒரு மணி நேரம் ஓட்டினேன். மறுபடியும் அதே வெளுப்பு. அத்தோடு சாவியைத் தொடவில்லை. உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலை உள்ளே விட்டுவைத்தால் உள்ளே சுழலும் பாகங்களை, பேரிங்கையும் கிராங்கையும், தின்றுவிடும் என்பதால், வடித்துவிட்டுப் புது ஆயில் மட்டும் ஊற்றி வைத்தேன்.

இதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், வடித்த ஆயிலை வீசாமல் இரண்டு சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதியும் ஓடிய மணி நேரமும் எழுதி ஒட்டி வைத்ததுதான். ஒரு பாட்டிலை ஆயில் பரிசோதிக்கும் லேபுக்கு அனுப்பினேன், கூடவே அதே டின்னில் மிச்சமிருந்த புது ஆயிலையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. புது ஆயிலில் இல்லாத சோடியம் பழையதில் ஏகத்துக்கு இருந்தது. காற்றின் ஈரத்தில் உப்பு ஏது? கடல் தண்ணீர்தான்.

அப்புறம் டீலரிடம் போனேன். அவர் பாட்டிலைக் கையில் வாங்கக்கூட இல்லை. "குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள், சூடேறி ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, வாரண்டியில் வராது" என்றார், கவரைக் கழற்றாமலேயே! ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. எனக்குக் கோபம் வந்தது இன்ஜின்மேல் இல்லை, இந்த வாய்மேல்தான். இயந்திரம் என்றால் ஆயிரத்தில் ஒன்று பழுதாகத்தான் வரும், அதை நான் ஏற்றுக்கொள்வேன். பார்க்காமலே பழியைத் தூக்கி என்மேல் போடுவதை எப்படி ஏற்பது?

நல்லவேளை, இந்த இன்ஜினின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும் ரகம். எந்த ஆர்பிஎம்மில் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போதாவது சூட்டு அலாரம் அடித்ததா, எல்லாம் அதில் இருக்கும். "லேப்டாப்பை மாட்டுங்கள், என் கண்முன்னாலேயே பார்ப்போம்" என்றேன். அலாரம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார்கள், நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஹெட்டைக் கழற்றினார்கள், கேஸ்கெட் புதுசு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு டீலர் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்.

கடைசியில் கண்டுபிடித்தது அங்கிருந்த வயதான மெக்கானிக். சிலிண்டர்கள் இருக்கும் உலோக உடலான பிளாக்கில், குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸ் பக்கச் சுவரில் சோப்புத் தண்ணீரைப் பூசினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே, கடுகளவுகூட இல்லாத ஒரு குமிழி எழும்பியது, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. நான் குனிந்து அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பு.

வார்ப்புக் குறை, அதாவது பிளாக்கை வார்த்தபோதே விழுந்த குறை. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை இழுத்து வைத்துக்கொள்ளும், இறுகும்போது அது வெளியேற வழியில்லாமல் குமிழிகளாக உள்ளேயே தங்கிவிடும். இறுகிச் சுருங்கும்போதும் பொந்துகள் விழும். தனித்தனியாக இருந்தால் தொல்லையில்லை, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் கசிவு. மேற்பரப்பைக் கடையும்போது மேல்தோல் போய் வாய் திறந்துகொள்வதும் உண்டு. இதற்காகவே வெற்றிடத்தில் வைத்துப் பிசின் ஏற்றி அடைக்கும் முறையெல்லாம் தொழிற்சாலைகளில் இருக்கிறது. அழுத்தத்தோடு ஓடும் ஆயில் பாதையில் துளை விழுந்திருந்தால், ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போயிருக்கும் என்றார் அந்த மெக்கானிக். இங்கே ஆயில் அழுத்தம் இல்லாத கிராங்க்கேஸ் பக்கம் என்பதால் பம்ப் தள்ளுகிற தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. எனக்குப் பிடித்த ஆள்.

கம்பெனிக்கு எழுதும்போது ஆத்திரத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு சீரியல் நம்பர், சர்வீஸ் ரசீதுகள், லேப் அறிக்கை, கம்ப்யூட்டர் பதிவு, குமிழியின் வீடியோ இவற்றை மட்டும் வைத்தேன். போனில் பேசியதை எல்லாம் அன்றைக்கே "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று மின்னஞ்சலாகத் திருப்பி அனுப்பினேன். முதலில் ஏதோ பசை வைத்து அடைத்துத் தருகிறோம் என்றார்கள். முடியாது, பிளாக்கை மாற்றுங்கள் என்று நின்றேன். இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு பவர்ஹெட்டையே, அதாவது பிளாக்கோடு சேர்ந்த இன்ஜினின் மேல்பகுதி முழுவதையுமே, மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் புதுப் பாகத்துக்குப் பழைய வாரண்டியின் மிச்ச நாள்தானாம், தனியாகக் கிடையாது. படகை இழுத்துப் போன செலவும் லேப் செலவும் என் தலையில். சண்டை போடத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். சீசனும் போச்சு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழைய படகைப் பார்க்கப் போகிறாயே, போவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடு. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த இன்ஜினில் ஆயிலோடு கலக்காத தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும், வடிகால் போல்ட்டை லேசாகத் தளர்த்தினாலே முதலில் அதுதான் சொட்டும். கீழே கியர் பெட்டியிலும் இதே மாதிரி பார். போல்ட்டைத் தொடவே கூடாது என்று விற்பவர் அடம்பிடித்தால் வேறு படகு பார்த்துக்கொள்ளலாம். அந்த விலைக்கு இவ்வளவு அவசரமாக விற்பது எனக்கு ஏனோ இடிக்கிறது.

புது பவர்ஹெட் இதுவரை ஆறு மணி நேரம் ஓடியிருக்கிறது. கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். இரண்டாவது பாட்டில் இன்னும் ஷெட் அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்து வீசு என்கிறாள் மனைவி. வாரண்டி முடியட்டும், பார்க்கலாம்.

படகைப் பார்த்துவிட்டு வந்ததும் எழுது.

உன்,
பழைய கூட்டாளி