கடுக்காய் மையும் நீர்க்காகமும்

அன்பு மகளுக்கு,

சனி, ஞாயிறில் மற்ற ரீச்சர்மார் வீட்டுக்குப் போய்விட, குவாட்டர்ஸில் நீ தனிய என்று அம்மா சொன்னா. போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தால் அலுப்புத்தான் கூடும். வவுனிக்குளம் பக்கத்தில்தானே இருக்கிறது, போய்க் குளத்துப் பறவைகளைப் படமாகக் கீறு. மையை நீயே காய்ச்சு.

நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கடுக்காய் ஆறு வாங்கு. கொட்டையை எறிந்துவிட்டு, சதையை இடித்து, இரண்டு கோப்பைத் தண்ணீரில் ஒருநாள் ஊறவிடு. பிறகு மண்சட்டியில், மெல்லிய நெருப்பில் அரைக் கோப்பையாக வற்றவை. இரும்புச் சட்டி வேண்டாம். அதிலேயே கறுக்கத் தொடங்கிவிடும், அளவு உன் கையில் நிற்காது. இதற்கு ஒரு கிழமை முந்தியே கறள் (துரு) பிடித்த ஆணி கொஞ்சத்தை வினாகிரியில் போட்டுவை. போத்தல் மூடியை இறுக்காதே, உள்ளே வாயு வரும்.

கடுக்காய்ச் சாற்றைத் துணியில் வடித்து, ஆணித் தண்ணீரைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டு, ஒவ்வொரு முறையும் கடதாசியில் கீறிப் பார். முதலில் வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டபிறகு கறுக்கும். பொறுமையில்லாமல் இரும்பைக் கூட்டினால் நாளடைவில் மண்ணிறமாகிக் கடதாசியையும் அரித்துவிடும். மை ஊறிப் பரவினால் பிசின் தேவை: விளாம் பிசின் அரைத் தேக்கரண்டி கரைத்து விடு. பூஞ்சணம் பிடிக்காமல் இரண்டு கராம்பு போடு. ஊற்றுப் பேனைக்குள் மட்டும் இதை விட்டுவிடாதே, அடைத்துவிடும். பேனைக்குப் பதிலாகத் தடித்த ஈர்க்கின் அடியைச் சரிவாகச் சீவினால் போதும்.

ஆடி, ஆவணியில் குளம் வற்ற வற்ற, ஆழமில்லாத இடங்களில் பறவைகள் கூடும். கொக்கில் தொடங்காதே, வெள்ளையைக் கறுப்பு மையால் காட்டுவது கரைச்சல். முதலில் நீர்க்காகத்தைக் கீறு. அதன் இறகு தண்ணீரில் நனைகிறது. அதனால் முக்குளித்து மீன் பிடித்தபின் பட்ட மரத்தில் செட்டையை விரித்துக் காயவைத்தபடி கனநேரம் இருக்கும். விடிய வெள்ளன, சூரியன் உன் முதுகில் படும்படி இரு. கண்ணையும் இறகையும் பிறகு பார்க்கலாம். முதுகு வளைவு, கழுத்துச் சரிவு, செட்டை மடியும் இடம், இவ்வளவும் ஒரு நிமிடத்தில். பத்துத் தரம் கீறு; ஒன்பது சரிவராது, அதில் பிழையில்லை. ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் முட்டை நிலத்தில் கிடக்கும், வந்த வழியே திரும்பு.

தண்ணீர் விளிம்பில் இருக்காதே, முதலை. வெயில் சாய்ந்தபின் அணைக்கட்டில் நிற்காதே, யானை வரும் நேரம்.

விளாம் பிசின் தேடித் திரியாதே, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அதுவரை வேப்பம் பிசினில் சமாளி.

அன்புடன்,
அப்பா