உப்பைக் குறைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உடல்நலம் என்றதும் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசும் நாம், அன்றாடம் உண்ணும் உப்பின் அளவை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது கவலைக்குரியது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சாம்பார், ரசம், பொரியலுடன் ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் சேரும் நம் சாப்பாட்டில் அந்த வரம்பு எளிதில் மீறப்படுகிறது. உப்பிலுள்ள சோடியம் மிகும்போது அது உடலில் நீரைத் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால், இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன. இலையோரத்தில் உப்பு வைப்பதை நிறுத்துவதும், தயிர்சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதிலாக வெள்ளரித் துண்டுகளைத் தொட்டுக்கொள்வதும் இன்றே தொடங்கக்கூடியவை. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இந்துப்பு நல்லதென்று தாராளமாகச் சேர்ப்போரும் உண்டு, ஆனால் அதிலும் பெரும்பகுதி சாதாரண உப்பான சோடியம் குளோரைடுதான். மாணவர் விடுதிகளும் அலுவலக உணவகங்களும் உப்பைச் சற்றுக் குறைத்துச் சமைக்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி