சோபாவில் யானை, மேசையில் ரயில்

அன்புள்ள மகளுக்கு,

கறையை எடுக்க வழி கேட்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சோபாவிலும் மேசையிலும் பேரன் பேனாவால் நன்றாகத்தான் வரைந்திருக்கிறான். இப்போது அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். மை காய்ந்துவிட்டது, இனி அரை மணி நேரம் தாமதித்தால் ஒன்றும் கெடாது. ஆனால் தப்பான திரவத்தைப் போட்டுத் தேய்த்தால் கறையோடு மேசையின் பாலிஷும் போய்விடும். அதனால் இதை முழுசாகப் படித்துவிட்டுத் துணியை எடு.

எந்தப் பேனா என்று முதலில் அவனிடம் கேள். பார்த்தால் பால்பாயிண்ட் மாதிரி தெரிகிறது. அந்த மை பசைபோல இருக்கும், தண்ணீருக்கு அவ்வளவாக அசையாது, ஆல்கஹாலில் கரையும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். அவசரத்துக்குக் கை சானிடைசர். மைப்பேனா என்றால் வேறு கதை, பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரிலேயே பாதி வந்துவிடும்.

சோபாவின் மெத்தைக்கு அடியில் லேபிள் இருக்கிறதா பார். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் கலந்தவை மட்டும், ‘எஸ்’ என்றால் தண்ணீர் படாத கரைப்பான் மட்டும், ‘எக்ஸ்’ என்றால் இரண்டுமே கூடாது. ஆல்கஹால் போடலாம் என்றாலும், கண்ணில் படாத ஓரத்தில் முதலில் சோதித்துப் பார். அப்புறம் வெள்ளைத் துணியை நனைத்து (சோபாவை நனைக்காதே!) கறையின் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடு. தேய்த்தால் யானை இன்னும் பெருக்கும். துணியில் மை ஏறியதும் சுத்தமான பக்கத்துக்கு மாற்று. மாற்றாமல் விட்டால், எடுத்த மையையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பாய். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ப்ளீச்சை இதோடு சேர்க்கவே சேர்க்காதே, நச்சுப்புகை வரும்.

மேசைதான் எனக்குக் கவலை. அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் வைத்து விரலால் தொட்டுப் பார். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ், ஆல்கஹாலிலேயே கரைந்துவிடும். மேலே கை வைக்காமல் பாலிஷ் போடுகிற தச்சரைக் கூப்பிடு. பிசுபிசுக்கவில்லை என்றால் பூச்சு தாங்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் லேசாகத் துடைத்து உடனே உலரவிடு. பூச்சு போன இடத்தில் மை மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. சில மைகளுக்கு ஆக்சாலிக் அமிலம் போடுவார்கள். அது விஷம், குழந்தை இருக்கிற வீட்டில் உனக்கு வேண்டாம்.

நெயில் பாலிஷ் ரிமூவரையும் தொடாதே. அதில் அசிட்டோன் இருந்தால் பல பிளாஸ்டிக்குகளை உருக்கிவிடும், வார்னிஷையும் கெடுக்கும். பற்பசை வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள்; அது மையைக் கரைப்பதில்லை, மேற்பரப்பைத்தான் சுரண்டுகிறது.

மாப்பிள்ளையின் நாற்காலியிலும் ஒரு கோடு இருக்கிறது என்றாயே, அது அசல் தோல் என்றால் விட்டுவிடு. ஆல்கஹால் பட்டால் தோலின் நிறப்பூச்சே உரியும். தோல் வேலை தெரிந்தவரிடம் காட்டச் சொல்.

அன்புடன்,
அம்மா